மழை வருவதற்கு முன்பே டிவி போய்விடுகிறது. நிஜமா, என் மனப்பிரமையா?

மொட்டைமாடி எழுதியது:

நண்பர்களே, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த சந்தேகம், சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மழை வரப்போவதை முதலில் சொல்வது வானமும் இல்லை, செல்போன் ஆப்பும் இல்லை, டிவிதான். தலைக்கு மேல் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று படம் கட்டம் கட்டமாக உடையும், செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே நிற்பார், குரல் விட்டுவிட்டு வரும், அப்புறம் திரை முழுக்க நீலமாகி "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்க் கொடியில் கிடக்கும் துணியை உருவிக்கொண்டு வந்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் முதல் தூறல் விழும். அதே சமயம் ஆப்பைத் திறந்து பார்த்தால் 40 சதவீதம் என்று எதற்கும் பிடி கொடுக்காமல் காட்டிக்கொண்டிருக்கும்.

இது தவிர இன்னும் இரண்டு உண்டு. குடை எடுத்துப் போகும் நாளில் மழை வராது, எடுக்காத நாளில் கொட்டும். அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர். வீட்டில் இருக்கும்வரை நின்று நின்று உயிரை வாங்கும், மெக்கானிக் முன்னால் போட்டால் ஒரு தடவைகூட நிற்காது, நான்தான் ஏதோ கற்பனை செய்கிறேன் என்று அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே! இதற்கெல்லாம் காரணம் ஏதாவது இருக்கிறதா, இல்லை மூன்றுமே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானா?

சிக்னல்சாமி எழுதியது:

குடையைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், டிவி விஷயத்தில் உங்கள் அம்மா செய்வது நூற்றுக்கு நூறு சரி. டிஷ் பிடிக்கும் சிக்னல் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அவ்வளவு தூரத்தையும் சிரமமில்லாமல் கடந்து வந்துவிட்டு, கடைசி ஐந்து கிலோமீட்டரில் மழையில் மாட்டிக்கொள்கிறது. வீட்டு டிஷ்களுக்கு வரும் அலைவரிசை பெரும்பாலும் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை, அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனமழையின் துளிகள் சில மில்லிமீட்டர் பருமன் இருப்பதால், இந்த அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் அவற்றால் முடியும். 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும் அந்தக் காலத்துப் பெரிய டிஷ்களுக்கு இந்தத் தொந்தரவு ரொம்பக் குறைவு.

சரி, மழைக்கு முன்னாலேயே ஏன் போகிறது? சிக்னல் செங்குத்தாக இறங்குவதில்லை, சாய்வாக வருகிறது. செயற்கைக்கோள் உங்களுக்கு 45 டிகிரி கோணத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்கள் சிக்னல் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் இடம், வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு மேலே. அங்கே மழை பிடித்துக்கொண்டால் உங்கள் டிவி போய்விடும், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி. அந்த மேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி நகர்ந்தால் பத்து நிமிடத்தில் வந்து சேரும். துணி எடுக்க அது தாராளம்.

ஒரு நிபந்தனை: மழை டிஷ் பார்க்கும் திசையிலிருந்து வர வேண்டும். டிஷ்ஷின் முதுகுப் பக்கமிருந்து வந்தால் துணி நனைந்த பிறகுதான் டிவி போகும்.

வண்டிகழுவி எழுதியது:

நான் வண்டி கழுவினால் அன்று சாயங்காலம் மழை உறுதி. வறட்சி உள்ள பகுதிகளுக்கு என்னை அனுப்பி வைக்கலாம், போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.

வானம்பாத்தான் எழுதியது:

மழைப்பேறும் மகப்பேறும் மகேசனுக்கே தெரியாது என்று சொல்லிவைத்தார்கள், நாம் ஆப்பைத் திட்டுகிறோம். அந்த 40 சதவீதத்தை நிறையப் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். நாளில் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்றோ, மழை பாதி பலத்தோடு பெய்யும் என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. இதே மாதிரி நிலைமை உள்ள பத்து நாட்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் நான்கு நாட்களில் நீங்கள் நிற்கும் இடத்தில் அளக்கக்கூடிய மழை விழும், அவ்வளவுதான். அமெரிக்க வானிலைத் துறைக் கணக்கில் "அளக்கக்கூடிய" என்பது கால் மில்லிமீட்டர், அதாவது சட்டை நனையாத தூறல்கூட அதில் சேர்த்தி. எனவே 40 என்று போட்டு மழை வராமல் போனால் ஆப் பொய் சொன்னதாக ஆகாது, வந்தாலும் ஆகாது. எரிச்சலாகத்தான் இருக்கும், என்ன செய்ய.

இன்னொன்றும் இருக்கிறது. ஆப்பில் வரும் எண் உங்கள் தெருவில் யாரோ நின்று அளந்தது இல்லை. உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்துக் கணினி போடும் கணக்கு அது. அந்த வகையில் மிக நுணுக்கமானவற்றில் ஒன்றான ஐரோப்பிய வானிலை மையத்தின் கணக்கிலேயே ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர். வெயிலில் சூடேறிய காற்று மேலே போய்க் கட்டும் இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து கொட்டித் தீர்ந்தும் போய்விடும். வலை பெரிது, மீன் சின்னது. தெருவின் அந்தக் கோடியில் மழை, இந்தக் கோடியில் புழுதி என்பதெல்லாம் இதனால்தான், பொய்யில்லை. வெயிலும் மழையும் சேர்ந்து அடித்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்போமே, அதுவும் இப்படி ஒரு சின்ன மேகத்தின் ஓரத்தில் நிற்கும்போது நடப்பதுதான்.

தனியார் முன்னறிவிப்புகள் வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கிச் சொல்வதும் உண்டு. அமெரிக்காவில் பிரபலமான ஒரு வானிலை சேனலின் கணிப்புகளைச் சரிபார்த்து 2008-இல் வந்த ஆய்வில், மழை வாய்ப்பு குறைவாக உள்ள நாட்களில் அதைக் கூட்டிச் சொல்லும் போக்கு இருந்தது தெரியவந்தது. மழை வரும் என்று சொல்லி வராவிட்டால் நாம் மறந்துவிடுவோம், வராது என்று சொல்லி வந்துவிட்டால் சும்மா விடுவோமா?

பழைய ரேடியோ எழுதியது:

இதோடு சேர்த்து ஒன்று. காற்றே அசையாத நாளில், விடியற்காலையிலும் சாயங்காலத்திலும், எஃப்.எம். ரேடியோவில் நம் பக்கம் எடுக்கவே எடுக்காத வெகுதூர நிலையமெல்லாம் பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்கும். வழக்கமாக மேலே போகப்போகக் காற்று குளிரும். அது தலைகீழாகிக் கீழே குளிர், மேலே சூடு என்று ஆனால், வானொலி அலை நேராகப் போய்விடாமல் அந்த அடுக்கில் வளைந்து தரையை ஒட்டியே ஓடும். சில இரவுகளில் தூரத்து ரயில் சத்தம் வாசலில் கேட்பதற்கும் கிட்டத்தட்ட இதே காரணம்தான். ஏதோ கெட்ட சகுனம் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புறாக்கூண்டு எழுதியது:

குடைக்கு நான் வருகிறேன். குடை எடுத்து மழை வராத நாளை யாரும் மனதில் குறித்து வைப்பதில்லை, எடுக்காமல் நனைந்த நாள் வருடக்கணக்கில் நினைவிருக்கும். நனைந்த கணக்கை மட்டும் கூட்டினால் வானம் நம்மேல் வன்மம் வைத்திருப்பதாகத்தான் தோன்றும்.

1948-இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசியோடு இருந்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி கிடைக்கும்படி வைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று கூண்டின் மேல் மூலையில் தலையைத் திரும்பத் திரும்ப நுழைத்தது. தீனிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 1971-இல் வேறு இருவர் அதே மாதிரி சோதனை செய்து, தீனி வரும் எதிர்பார்ப்பில் புறா இயல்பாகச் செய்வதுதான் இது, மூடநம்பிக்கை என்று சொல்ல வேண்டியதில்லை என்று மறுத்தார்கள். புறாவுக்கு அது பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் பட்டனை இன்னும் அழுத்தி அமுக்குகிறோம். செல்போனில் திறந்திருக்கும் ஆப்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளி மூடினால் பேட்டரி மிச்சமாகும் என்று நம்புகிறோம், அது தேவையில்லை என்று ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகியே 2016-இல் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதிவிட்டார். நியூயார்க்கில் சாலையைக் கடக்க அழுத்தும் 3,250 பட்டன்களில் 2,500-க்கும் மேல் வேலையே செய்வதில்லை என்று 2004-இல் தெரியவந்தது, அதற்குப் பிறகும் ஜனங்கள் அழுத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

மொட்டைமாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாடிக்குப் போய்ப் பார்த்தேன், சிக்னல்சாமி சொன்ன மாதிரியே எங்கள் டிஷ் பார்க்கும் பக்கம்தான் வழக்கமாக மேகம் கட்டும். அம்மாவிடம் சொன்னேன், "அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு பேரா?" என்றார். மெக்கானிக் விஷயத்துக்குத்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

ஸ்பேனர் எழுதியது:

தொழிலே அதுதான், நான் திறக்கிறேன். உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிரான ஒன்றுக்கு இயற்பியலாளர்கள் மத்தியில் ஒரு பெயரே உண்டு, பவுலி விளைவு. வுல்ஃப்கேங் பவுலி 1945-இல் நோபல் பரிசு வாங்கியவர், ஆனால் அவர் ஆய்வகத்துக்குள் காலடி வைத்தாலே கருவிகள் உடைந்துவிடும் என்று சக விஞ்ஞானிகள் பயந்தார்கள். ஹாம்பர்க்கில் ஓட்டோ ஸ்டெர்ன் அவரைத் தன் ஆய்வகத்துக்குள்ளேயே விடுவதில்லை என்பார்கள். அவருக்கு நீங்கள் நேர் எதிர், நீங்கள் கொண்டுவந்தால் சரியாகிவிடுகிறது.

உண்மையான காரணம் சாதாரணமானது. அணைத்து, வயரைக் கழற்றி, பையில் போட்டு, குலுங்கக் குலுங்கக் கொண்டுவருகிறீர்கள். இதிலேயே நான்கு வைத்தியம் முடிந்துவிட்டது: மெஷின் ஆறிவிட்டது, நினைவகத்தில் சிக்கிக் கிடந்தது அழிந்துவிட்டது, லூசாக இருந்த இணைப்பு தற்காலிகமாக உட்கார்ந்துவிட்டது, உங்கள் வீட்டு மின்சாரமும் உங்கள் வீட்டு சார்ஜரும் கூட வரவில்லை. என் மேஜையில் ஓடுவது வேறு கரண்டில், மின்விசிறிக்கு அடியில். அப்புறம் எப்படி நிற்கும்? எனவே இனி கொண்டுவரும்போது அந்த சார்ஜரையும், கூடவே செருகி வைக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். நிற்கும் சமயத்தில் செல்போனில் ஒரு வீடியோ எடுங்கள், திரையில் என்ன தெரிகிறது, எந்த விளக்கு எரிகிறது என்று தெரியும்படி. முக்கியமாக, பின்னால் பேசிக்கொண்டே எடுக்காதீர்கள். பாதிக் கோளாறை விசிறிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், வருகிற வீடியோ முழுக்க "பாருங்க, பாருங்க, நின்னுடுச்சு" என்றே இருக்கிறது.