புதுப்பிப்பு: 100 லிட்டர் கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

சேலம் அம்மாபேட்டை வீட்டுத் தொட்டிக்கு ஹேங் ஆன் ஃபில்டரா (தொட்டி விளிம்பில் தொங்குவது), கேனிஸ்டரா (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "ரெண்டுமே வேண்டாம், ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ரெண்டு போடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

நண்பர் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கி முதலில் போட்டேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் ஏற்கெனவே இருந்ததால் அம்மோனியா சீக்கிரமே பூஜ்யத்துக்கு வந்தது. நைட்ரைட் மட்டும் கொஞ்சம் ஏறி, அப்புறம் இறங்கியது. இப்போது நைட்ரேட்தான் சேர்கிறது. அதற்கு வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை அப்போது தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும் பழைய தண்ணீரிலேயே பிழிகிறேன். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் குளோரின் இருக்கும், பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கரண்ட் போனால் பேட்டரி பம்ப் தானாக ஓடுகிறது. கேனிஸ்டர் நின்றுபோனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்று சொன்னவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது பம்பின் இரைச்சல். ராத்திரியில் தூங்கவே முடியவில்லை! அடியில் மடித்த துண்டைப் போட்டதும் பாதி அடங்கியது. பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சின்ன அடைப்பான்) கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும்.

ஒரு குறை: பொடித் தூசியை ஸ்பாஞ்ச் முழுசாகப் பிடிப்பதில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்பவர்கள் ஹேங் ஆன் வாங்கலாம்.