வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், எந்த நாட்களில் அவர் வீட்டில் இருக்க வேண்டும்?

கடலோர வீடு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. காசிமேடு பக்கம் ஹவுசிங் போர்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஒரு தடவை கிளம்பினால் எட்டு நாள், பத்து நாள், மீன் சரியாகப் படாவிட்டால் அதற்கு மேலும் ஆகும். கரைக்கு வந்தால் மூன்று நாலு நாள் இருப்பார், அதிலும் ஒரு நாள் வலை பார்க்க, ஐஸ் டீசல் ஏற்ற என்று போய்விடும்.

பீரியட்ஸ் எனக்கு 27 நாளிலும் வரும், 33 நாளிலும் வரும். போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறேன், அது 14ஆம் நாள் என்று காட்டுகிறது. அம்மாவும் 14 என்றுதான் சொன்னார்கள், தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணச் சொன்னார்கள். போன வருடம் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அவர் வீட்டில்தான் இருந்தார். அப்படி எண்ணி, அந்த நாள் வரைக்கும் விலகியிருந்து, அந்த ஒரு நாள் மட்டும் சேர்ந்தோம். சேர்த்து வைத்தால்தான் வலு இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதமும் நிற்கவில்லை. அதிலிருந்துதான் எனக்கு பயம். மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் குழாயடியில் நிற்கும்போது "என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா" என்று நாலு பேர் கேட்டுவிடுகிறார்கள், அன்றைக்குச் சோறு இறங்காது. மார்ச் 4ஆம் தேதி பீரியட்ஸ் ஆனது, அவர் நேற்று 6ஆம் தேதி வந்தார், 10ஆம் தேதி திரும்பக் கிளம்ப வேண்டும். எந்த நாட்களுக்கு அவரை நிறுத்தி வைப்பது என்று தெரிந்தால் ஒரு ட்ரிப்பை விட்டுவிடத் தயாராக இருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா:

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. தீட்டு பட்ட முதல் நாள்தான் ஒன்று. நீ ஐந்தாம் நாள் தலைக்கு ஊற்றி அதை ஒன்று என்று எண்ணியிருந்தால், நீ 14 என்று நினைத்த நாள் உண்மையில் 18ஆம் நாள். அதற்குள் முட்டை பெரும்பாலும் வந்து போயிருக்கும். அதனால் போன தடைக்காலத்தை வைத்து உன் உடம்பில் குறை என்று முடிவு கட்டாதே, அந்த இரண்டு மாதமும் நாள் தப்பிப் போயிருக்கலாம், அவ்வளவுதான்.

14 என்பது 28 நாளுக்கு ஒரு தடவை சரியாக வருகிறவர்களுக்கான கணக்கு. முட்டை வெளியான பிறகு அடுத்த பீரியட்ஸ் வரைக்கும் உள்ள நாட்கள்தான் ஏறக்குறைய மாறாமல் 14 நாள் இருக்கும், முன்னால் உள்ள நாட்கள்தான் நீளும் குறையும். அதனால் பின்னாலிருந்து கழிக்க வேண்டும். 27 நாள் வந்தால் 13ஆம் நாள் வாக்கில், 33 நாள் வந்தால் 19ஆம் நாள் வாக்கில். எது என்று முன்கூட்டியே தெரியாது, ஆப்புக்கும் தெரியாது, அது நீ போட்ட தேதிகளை வைத்து சராசரி போடுகிறது.

சரி, அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு நாலு வருடம் கழித்துத்தான் நின்றது, என் வீட்டுக்காரருக்கு மணலியில் நைட் ஷிப்ட், அதனால் உன் தவிப்பு எனக்குத் தெரியும். எனக்கு உதவியது வெள்ளைப்படுவதைப் பார்த்ததுதான். பீரியட்ஸ் முடிந்த ஒன்றிரண்டு நாள் வறண்டு இருக்கும், அப்புறம் கொஞ்சம் பிசுபிசுப்பாக, பசை மாதிரி வரும், அப்புறம் ஒரு நாள் பாத்ரூமில் துடைக்கும்போதே வழுக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து விரித்துப் பார்த்தால் ஆம்லெட்டுக்கு முட்டை உடைக்கும்போது வெள்ளைக்கரு இழுபடுமே, அப்படி அறுபடாமல் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளும், கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். அந்த நாட்கள்தான் நாள். அது நின்று மறுபடி கெட்டியானால் முட்டை வெளியாகிவிட்டது என்று அர்த்தம். தயிர் திரிந்த மாதிரி வந்து அரிப்போ நாற்றமோ இருந்தால் அது வேறு, டாக்டரிடம் காட்ட வேண்டும், கூச்சப்படாதே.

மெடிக்கலில் முட்டை நாள் பார்க்கிற ஸ்ட்ரிப் கிடைக்கும், கர்ப்பம் பார்க்கிற ஸ்ட்ரிப் மாதிரியே இருக்கும். அதில் நான் ஏமாந்தேன், நீ ஏமாறாதே. கர்ப்ப ஸ்ட்ரிப்பில் இரண்டாவது கோடு லேசாக வந்தாலே ஆமாம் என்று அர்த்தம். இதில் அப்படி இல்லை. லேசான கோடு சாதாரண நாளிலும் வரும், பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதை விட அழுத்தமாகவோ வந்தால்தான் கணக்கு. நான் மூன்று மாதம் மங்கலான கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, தப்பான நாளில் அவருக்கு லீவு போடச் சொன்னேன். காலை முதல் சிறுநீரில் பார்க்காதே, மதியத்துக்கு மேல் பார், அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் நிறைய குடிக்காதே. உனக்கு 10ஆம் நாளிலிருந்து ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

லேபர் வார்டு நர்ஸ்:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஓபியில் வருகிறவர்களில் பாதிப் பேர் இதை மாற்றிப் புரிந்து வைத்திருக்கிறார்கள். முட்டை வந்த பிறகு சேர்வது பெரும்பாலும் தாமதம். முட்டை வெளியே வந்தால் 12 மணி நேரம், அதிகபட்சம் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணு அந்த வழுக்கலான திரவத்தில் ஐந்து நாள் வரை தங்கும். அதனால் விந்தணு முன்னாலேயே போய்க் காத்திருக்க வேண்டும். முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாள், முட்டை வரும் நாள், ஆக ஆறு நாள், அதிலும் கடைசி மூன்று நாளில்தான் வாய்ப்பு அதிகம். 1995இல் அமெரிக்காவில் 221 பெண்களிடம் தினம் சிறுநீர் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது, அதில் அந்த ஆறு நாளுக்கு வெளியே சேர்ந்து ஒருவருக்குக்கூடக் கரு தங்கவில்லை.

உங்கள் கணக்குப்படி 8ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை, அதாவது மார்ச் 11 முதல் 22 வரை அவர் கரையில் இருந்தால் எந்தப் பக்கம் தள்ளினாலும் பிடித்துவிடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். தினமும் என்றாலும் தப்பில்லை, முடிந்தால் சரி, அதை ஒரு கடமை மாதிரி ஆக்கிக்கொள்ளாதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுக்கும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி ஒரு வீட்டில்தான் வாழ்ந்தேன். முடிந்து கால் தூக்கி வைக்க வேண்டும், எழுந்திருக்கக் கூடாது என்பதெல்லாம் தேவையில்லை.

காலையில் டெம்பரேச்சர் பார்க்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். முட்டை வெளியான பிறகுதான் உடம்பு சூடு 0.2லிருந்து 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும். முட்டை வந்தது என்று உறுதி செய்ய அது உதவும், முன்னால் சொல்லாது. அவர் வருகைக்கு நாள் குறிக்க அது உங்களுக்குப் பயன்படாது.

நீர்க்கட்டி இருக்கிறவர்களுக்கு ஸ்ட்ரிப் பல நாள் தொடர்ந்து அழுத்தமாகக் காட்டி ஏமாற்றும். அப்படி வந்தால் ஸ்ட்ரிப்பை நம்பாமல் ஸ்கேன் பாருங்கள். பத்தாம் நாள் வாக்கில் ஆரம்பித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்வார்கள், முட்டை இருக்கும் சின்னப் பை 18 மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்து வெடித்ததா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயற்சி செய்துவிட்டு டாக்டரிடம் வரச் சொல்வோம். ஆனால் அந்த ஒரு வருடம் என்பது கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்த ஒரு வருடம். உங்கள் ஒன்றரை வருடத்தில் சரியான நாளில் அவர் கரையில் இருந்த மாதம் எத்தனை என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், நாலோ ஐந்தோதான் தேறும். அதை நினைத்துச் சோறு இறங்காமல் இருக்க வேண்டாம் தங்கச்சி. இருந்தாலும் தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள், ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரி, அதை விட்டால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி, இரண்டும் உங்களுக்குப் பக்கம், காசும் இல்லை. ஃபோலிக் ஆசிட் இன்றைக்கே ஆரம்பிக்கலாம், சாதாரணமாக தினம் 400 மைக்ரோகிராம் போதும். கடையில் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுப்பார்கள், டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

கரைக்கு வந்தவன்:

சகோதரி, நானும் பத்து வருடம் கடலுக்குப் போனவன், இதை உங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டுங்கள். சேர்த்து வைத்தால் வலு என்பது தப்பு. ரொம்ப நாள் இடைவெளி விட்டால் எண்ணிக்கை கூடும், ஆனால் நீந்துகிற வேகம் குறையும். அதனால் வந்த முதல் நாளே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்காமல் அடுத்தடுத்த நாளும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் இரண்டு வருடம் அவளை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விட்டோம். ஊசி, ஸ்கேன், விரதம் எல்லாம் அவளுக்கு. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் டெஸ்ட் எடுத்தால் எண்ணிக்கை குறைவு எனக்குத்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. டெஸ்டுக்கு இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இடைவெளி இருக்க வேண்டும், பத்து நாள் கடலில் இருந்துவிட்டு இறங்கிய அன்றைக்கே கொடுத்தால் ரிசல்ட் சரியாக வராது. வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை சேர்ந்துவிட்டு, அதிலிருந்து மூன்று நாள் விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சாம்பிளை லேப்பிலேயே கொடுப்பது நல்லது, வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பீடி, சரக்கு, வாயில் ஒதுக்குகிற புகையிலை எல்லாம் நிறுத்த வேண்டும், எஞ்சின் பக்கத்தில் சூட்டில் படுப்பதையும் விட வேண்டும். விந்தணு புதிதாக உண்டாகி வர இரண்டரை மாதம், மூன்று மாதம் ஆகும், அதனால் இன்று நிறுத்தினால்தான் தடைக்காலம் முடிவதற்குள் பலன் தெரியும். எனக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, எல்கேஜி போகிறாள்.

கடலோர வீடு:

அக்கா, சிஸ்டர், அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. படிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நான் எண்ணிப் பார்த்தேன் சிஸ்டர், காலண்டரில் அவர் வந்த போன தேதி எல்லாம் பேனாவால் குறித்து வைத்திருப்பேன். ஒன்றரை வருடத்தில் சரியான நாளில் அவர் இருந்தது மூன்று மாதம்தான்.

அண்ணா எழுதியதை அவரே இரண்டு தடவை படித்தார், ஒன்றும் பேசவில்லை, சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். படகு ஓனரிடம் பேசியாகிவிட்டது, இந்த ட்ரிப்புக்கு அவர் சித்தப்பா மகன் போகிறான், இவர் 22ஆம் தேதிக்கு மேல்தான் கிளம்புகிறார். மாமியாரிடமும் மெதுவாகச் சொன்னேன். அவர் தினமும் இரண்டு மணிக்கே ஏலத்துக்குக் கிளம்பிவிடுவார், வர ஒன்பது ஆகும், "நான் வரும்போது கீழே இருந்து குரல் கொடுத்துட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

10ஆம் தேதி காலை அவருக்கு டெஸ்ட், மூன்று நாள் இடைவெளி சரியாக வருகிறது. அன்றைக்கே நானும் ஆர்.எஸ்.ஆர்.எம்.இல் ரத்தம் கொடுத்துவிடுகிறேன். அக்கா, ஸ்ட்ரிப் 13ஆம் தேதியிலிருந்து பார்க்கிறேன், கோடு புரியாவிட்டால் இங்கேதான் வந்து கேட்பேன்.

தண்டையார்பேட்டை அக்கா:

தினமும் ஒரே நேரத்தில் பார், பார்த்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதி ஒரு நோட்டில் வரிசையாக ஒட்டு. நேற்றையதையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்தால்தான் கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். சமமாக வந்த அன்றைக்கும் மறுநாளும் விடாதே.