மண்ணும் மருந்தும்: பினாங்கு குடும்பக் குழு

மோகன் மாமா: ஆன்டிபயாடிக் எல்லாம் மண்ணிலிருந்துதான் வந்ததாம், அதனால் சின்னக் காயத்துக்குத் தோட்ட மண்ணைப் பூசினாலே போதுமாம். இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. பிரியா, நீ லேப்பில்தானே வேலை செய்கிறாய், உண்மையா?

விமலா சித்தி: காலையில் ரோஜாச் செடிக்கு மண் கிளறும்போது எனக்கும் விரலில் கீறிவிட்டது. பூசலாமா?

பிரியா: வேண்டவே வேண்டாம் சித்தி! முதலில் குழாயைத் திறந்து சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள்.

பிரியா: மாமா, எல்லாம் இல்லை, ஆனால் பல ஆன்டிபயாடிக் மண்ணிலிருந்து வந்தது உண்மை. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்ததுதான் ஸ்ட்ரெப்டோமைசின், காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக். மழை பெய்ததும் வரும் மண்வாசனையும் பெரும்பாலும் இந்தப் பாக்டீரியாக்கள் தருவதுதான். அப்புறம் வான்கோமைசின், அது நம் பக்கத்து போர்னியோ காட்டிலிருந்து ஒரு பாதிரியார் அனுப்பிய மண்ணில் கிடைத்தது. 1958இல் அனுமதி பெற்ற மருந்து, மற்ற மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு இன்றும் ஆஸ்பத்திரியில் ஏற்றுகிறார்கள்.

மோகன் மாமா: அப்படியென்றால் மண்ணில் மருந்து இருக்கிறதுதானே?

பிரியா: பக்கத்துக் கிருமியைத் தடுக்க ஒரு பாக்டீரியா விடுகிற துளி அது மாமா, காயத்தை ஆற்றுகிற அளவே இல்லை. தனியாகப் பிரித்து, தொட்டியில் வளர்த்து, சுத்தம் செய்த பிறகுதான் மருந்து. வான்கோமைசின்கூட ஆரம்பத்தில் அவ்வளவு அழுக்காக இருந்ததால் 'மிசிசிப்பி சேறு' என்றே அழைத்தார்கள். அதே மண்ணில்தான் டெட்டனஸ் கிருமியும் இருக்கிறது. மலேசிய மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமியும் உண்டு, கீறல் வழியாக உள்ளே போகும், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்கும், ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. சித்தி, அதனால்தான் பயப்படுகிறேன்.

விமலா சித்தி: கழுவிவிட்டேன் மா. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டேன் என்று நினைவில்லையே.

பிரியா: அப்போ இன்றே கிளினிக் போங்கள், மண்ணில் வேலை செய்ததையும் இனிப்புநீர் இருப்பதையும் சொல்லுங்கள். இனி வரும் நாட்களில் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். மெலியோய்டோசிஸ் என்றால் முதலில் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

குமார்: அம்மா, வேலை முடிந்ததும் நான் வந்து கூட்டிப் போகிறேன். வரும்போது கையுறையும் பூட்ஸும் வாங்கிவிடலாம்.

மோகன் மாமா: கோயில் குழுவிலும் இதே செய்தி ஓடுகிறது. நீ எழுதியதை அங்கே போடட்டுமா பிரியா?

பிரியா: போடுங்கள் மாமா, சித்தியைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.