புதுப்பிப்பு: வண்டைத் தொடாத டாரன்டுலா

இரையாகப் போடும் மாவுப்புழு வளர்ந்து மாறிய கறுப்பு வண்டை, நான் வளர்க்கும் டாரன்டுலா (பெரிய மயிர்ச் சிலந்தி) தின்ன மறுக்கிறதே என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். எல்லோரும் வண்டின் மேல் பழி போட்டீர்கள். பாதி சரிதான்: ஓடு கெட்டி, நாற்றத் திரவம் வேறு கசிகிறது. ஆனால் புழுவைப் போட்டபோதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றின் வழுக்கைத் திட்டு கறுத்திருந்ததைக் கண்டதும்தான் விளங்கியது, சட்டை உரிக்கப் போகிறது, அதனால்தான் தின்னவில்லை.

சட்டை உரிக்கையில் மல்லாந்து கிடக்கும் சிலந்தியைப் புழுகூடக் கடித்துவிடும் என்பதால் இரையை வெளியே எடுத்தேன். மண்ணுக்குள் புதைந்துகொண்ட ஒன்றைத் தேடியதுதான் பெரும்பாடு.

உரித்த அன்று விஷப்பல் பால்வெள்ளை; பிறகு சிவந்து, கறுத்துக் கெட்டியானது. 12ஆம் நாளான நேற்று, தலை நசுக்கிய புழுவை நீட்டினேன். இடுக்கியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது! வண்டுகள் இனி முட்டையிட மட்டும்.