ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே வருவதில்லை, என்ன செய்யலாம்?

மாடிவீட்டு மல்லி:
எல்லோருக்கும் வணக்கம். படுத்தவுடன் தூங்குவதில் எனக்குச் சிக்கலே இல்லை, பத்தரைக்குத் தலையணையில் தலை வைத்தால் அடுத்த பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவேன். ஆனால் இரண்டரை, மூணு மணி வாக்கில் பொட்டென்று முழிப்பு வந்துவிடுகிறது. பாத்ரூம் போய் வந்து போனில் மணி பார்ப்பேன். ஐயோ, இன்னும் இரண்டரை மணி நேரம்தானே இருக்கிறது, இப்போது தூங்கினால்தான் உண்டு என்று கண்ணை இறுக்கி மூடுவேன், அங்கேதான் ஆரம்பிக்கும். பையனுடைய கவுன்சிலிங், நகைக் கடனுக்கு வட்டி கட்ட வேண்டிய தேதி, காலைக்கு மாவு போதுமா, நேற்று நாத்தனார் சொன்ன ஒரு சொல், எல்லாம் வரிசையாக வரும். நாலரைக்கு மேல் லேசாகக் கண் அசரும், ஐந்தரைக்கு அலாரம். வயது 47, ஊர் ஈரோடு. சர்க்கரை, பிரஷர் இரண்டும் பார்த்தாயிற்று, இல்லை. கசகசா பால், ஜாதிக்காய்த் தூள் எல்லாம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தூக்கத்துக்காகத் தான் போடும் அல்பிரஸோலாம் மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

நைட் ஷிஃப்ட் தம்பி:
அக்கா, முதலில் அந்தப் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு வந்து படுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன கடிகாரம் வாங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். மணி பார்த்தவுடன் மனசு கழித்தல் கணக்குப் போட ஆரம்பித்துவிடும், அப்புறம் எங்கே தூக்கம்?

சிவசிவ:
அந்த நேரத்தில் எழுப்பப்படுவது பாக்கியம் அம்மா. பிரம்ம முகூர்த்தம். எழுந்து ஜபம் செய்யுங்கள்.

நைட் ஷிஃப்ட் தம்பி:
ஐயா, பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால்தான் தொடங்குகிறது. ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24. அவர் இரண்டரைக்கே எழுகிறார், இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டே ஜபம் பண்ணலாம் :)

ஓய்வு பெற்ற நர்ஸ்:
மல்லி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாகப் போகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் பாதியிலேயே முடிந்துவிடும், பின் பாதியில் கனவுத் தூக்கமும் மேலோட்டமான தூக்கமும்தான். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் எல்லோருக்கும் லேசாக முழிப்பு வரும், புரண்டு படுத்து அப்படியே போய்விடுவதால் காலையில் ஞாபகம் இருக்காது. ஆகவே முழிப்பு வருவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முழித்த பிறகு தூங்கியே தீருவேன் என்று மல்லுக்கட்டுகிறீர்கள் பாருங்கள், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

செய்ய வேண்டியது இது. ஏறக்குறைய இருபது நிமிடம் ஆயிற்று என்று தோன்றினால் (மணி பார்க்காமல், தோன்றினால் போதும்) கட்டிலை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போங்கள். டியூப்லைட் போடாதீர்கள், வெளிச்சம் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும், ஜீரோ வாட்ஸ் பல்போ சின்ன விளக்கோ போதும். சுவாரசியமில்லாத எதையாவது செய்யுங்கள். கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் படுங்கள், மறுபடி வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். கட்டில் என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று உடம்பு பழகியிருக்கிறது, அதை மாற்றத்தான் இவ்வளவும். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் எழுதிய முறை இது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த மாதிரிப் பழக்க சிகிச்சையைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது.

அல்பிரஸோலாம் வேண்டவே வேண்டாம். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத எச்1 பட்டியல் மருந்து அது. சீக்கிரம் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் இருக்கிற தூக்கமும் போகும். அந்த அக்காவையும் தானாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது எனக்குப் பதில் சொல்லுங்கள். கடைசிக் காபி எத்தனை மணிக்கு? பகலில் தூக்கம் உண்டா? முழிக்கும்போது வியர்த்திருக்கிறதா?

மாடிவீட்டு மல்லி:
ரொம்ப நன்றி அம்மா. கடையில் வேலை முடிந்து வந்ததும் ஆறு மணிக்குக் காபி. பகல் தூக்கம் ஞாயிறு மட்டும். வியர்வை, ஆமாம், கழுத்தெல்லாம் நனைந்திருக்கும். கரன்ட் பில்லுக்குப் பயந்து ஏசிக்கு இரண்டு மணியோடு நிற்கிற மாதிரி டைமர் வைத்திருக்கிறோம், அதனால்தான் என்று நினைத்தேன். ஒரு சந்தேகம், எழுந்துதான் இருக்கப் போகிறோம் என்றால் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்து வைக்கலாமா?

ஓய்வு பெற்ற நர்ஸ்:
அதை மட்டும் செய்யாதீர்கள்! வேலைக்கு வந்தவளுக்குக் கூலி கொடுத்தால் மறுநாளும் வருவாள், மூளையும் அப்படித்தான். உபயோகமில்லாத வேலையாக இருக்கட்டும், ஏற்கெனவே படித்த பழைய வாரப் பத்திரிகை நல்லது.

ஏசியை டைமர் இல்லாமல் 27-இல் வைத்து ஃபேனையும் ஓடவிட்டுப் பாருங்கள். அப்படியும் வியர்த்தால் காரணம் அறைச் சூடு இல்லை. உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முன்னால் ராத்திரியில் உடம்பு திடீரென்று கொதித்து வியர்ப்பது உண்டு, அதற்குச் சிகிச்சை இருக்கிறது, சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி ஆகும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். அதில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். படுத்ததும் தூங்கிவிடுகிறேனே என்பீர்கள், தூங்கினாலும் அது மேலோட்டமாகத்தான் இருக்கும்.

வட்டித் தேதி மாதிரிக் கவலைகளை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் நாளை என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் ஒரு வரி எழுதி மூடிவிடுங்கள்.

பைபாஸ் பாலு:
எனக்கும் இதே கதைதான். ராத்திரி இரண்டு மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுகிறேன், எழும்போது வாய் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. குறட்டை தாங்காமல் வீட்டுக்காரி ஹாலுக்குப் போய்விட்டாள். பகலில் லாரி ஆபீஸில் உட்கார்ந்தபடியே தூங்குகிறேன். நானும் எழுந்து பத்திரிகை படிக்கட்டுமா?

ஓய்வு பெற்ற நர்ஸ்:
பாலு சார், உங்களுடையது வேறு கதை. குறட்டை, வாய் வறட்சி, பகலில் தூங்கி வழிவது மூன்றும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதோ என்று பார்த்தே ஆக வேண்டும். ராத்திரி அடிக்கடி சிறுநீர் போவதுகூட அதனால் இருக்கலாம், சர்க்கரையாலும் ப்ராஸ்டேட்டாலும் இருக்கலாம். நுரையீரல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போய், தூக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதுவரை தூக்க மாத்திரையும் குடியும் கூடாது, இரண்டும் தொண்டைத் தசையைத் தளர்த்தி அடைப்பை அதிகமாக்கும். வண்டி ஓட்டுவதாக இருந்தால் நாளைக்கே போங்கள்.

மாடிவீட்டு மல்லி:
நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் முதல் சில நாள் பழையதைவிட மோசம், கடையில் பில் போடும்போதே கொட்டாவி. இப்போதும் முழிப்பு வருகிறது, ஆனால் முக்கால்வாசி நாள் பத்திரிகையில் ஜோசியப் பக்கம் தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடுகிறது. ஏசி ஓடியும் வியர்வை நிற்கவில்லை, அதனால் மகப்பேறு டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணி வரை தூங்கிக்கொள்ளலாமா?

ஓய்வு பெற்ற நர்ஸ்:
கூடாது. ஐந்தரைதான். ரொம்ப முடியவில்லை என்றால் மதியம் மூணு மணிக்கு முன்னால் இருபது நிமிடம், அலாரம் வைத்து.

மாடிவீட்டு மல்லி:
சரி அம்மா :( டாக்டர் என்ன சொன்னார் என்று வியாழன் ராத்திரி எழுதுகிறேன்.