குப்பை முதலில் வந்தது, வரி பிறகு வந்தது

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது இணைக்கப்பட்ட 42 உள்ளாட்சிகளுள் எங்கள் பேரூராட்சியும் ஒன்று. அந்த இணைப்பைப் பற்றி நகரத்தாரும் நாங்களும் எவ்வளவு வேறுபட்டு நினைக்கிறோம் என்பதை 2022 ஏப்ரலில்தான் நேருக்கு நேர் கேட்டேன்.

சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்ட வாரம் அது. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த என் அத்தை மகன் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, பழைய நகர எல்லைக்குள் வீட்டின் பரப்பைப் பொறுத்து 50 முதல் 150 விழுக்காடு வரை ஏற்றியிருக்கும்போது, இணைந்த பகுதிகளுக்கு மட்டும் 25 முதல் 100 விழுக்காட்டோடு விட்டுவிட்டார்கள் என்று குறைப்பட்டார். “நாங்கள் கட்டுகிற வரியில்தான் உங்கள் தெருவில் விளக்கு எரிகிறது, மாப்பிள்ளை” என்றார்.

கீழே அப்போது தண்ணீர் லாரி பின்வாங்கி வந்துகொண்டிருந்தது. லாரிப் பையன் குழாயைத் தொட்டிக்குள் இறக்க, குடியிருப்புச் சங்கச் செயலாளர் கையில் நோட்டுடன் நேரம் குறித்துக்கொண்டிருந்தார். “இதற்குத் தனியாகக் கொடுக்கிறோம் அத்தான், கழிவுநீர் லாரிக்கும் தனி. இணைந்து பத்து ஆண்டுகள் கடந்தும் எங்கள் தெருவுக்குக் குழாய் வரவில்லை” என்றேன். “குழாய் இல்லாததால்தானே மனையை மலிவாக வாங்கினாய்?” என்று திருப்பிக் கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விரிவாக்கத்தில் பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107 ஆகச் சுருங்கின என்ற அவருடைய அடுத்த குறையும் உண்மைதான். மீதி 93 வார்டுகள் புதிய பகுதிகளுக்குப் போயின.

ஆனால் கணக்கை வரிச்சீட்டிலிருந்து மட்டும் தொடங்குவதை நான் ஏற்கவில்லை. பெருங்குடி தனிப் பேரூராட்சியாக இருந்த காலத்திலேயே, வாக்களிக்கவோ வரி விதிக்கவோ அந்த ஊருக்கு எந்த உரிமையும் இல்லாத மாநகராட்சியின் குப்பை லாரிகள், அங்குள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து கொட்டிக்கொண்டிருந்தன. புறநகர் நகரத்துக்குச் செய்த அந்த உதவிக்கு யாரும் விலை போட்டதில்லை. இணைந்த பிறகு கிடைத்த மன்றமும் 2016இல் கலைந்து, 2022 வரை மாநகராட்சி தேர்தலின்றி அதிகாரிகளின் கையில் இருந்தது. புதிய மன்றம் பொறுப்பேற்ற அடுத்த மாதமே வரி உயர்வு வந்தது. 1998க்குப் பிறகு சென்னையில் சொத்து வரிக்குப் பொது மறுசீராய்வே நடக்கவில்லை என்பதையும், உயர்த்தினால்தான் மத்திய நிதிக்குழு மானியம் கிடைக்கும் என்ற நெருக்கடியையும் நான் மறுக்கவில்லை. வரி கூடாது என்பதல்ல என் வாதம். எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு குழாய் வரும் என்பதை இணைப்பு ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2025 தொடக்கத்தில் ஊராட்சிகள் பலவற்றை நகர்ப்புற உள்ளாட்சிகளுடன் இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, எங்கள் குடியிருப்பில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் என்னிடம் விவரம் கேட்டார். அவருடைய ஊராட்சியையும் பக்கத்து மாநகராட்சியில் சேர்க்கப்போவதாகப் பேச்சு. “வரி கூடுவது இருக்கட்டும் சார், என் மாமியாருக்கு நூறு நாள் வேலை போய்விடுமே, அதற்குப் பதில் என்ன தருவார்கள்?” ஊரக வேலைத் திட்டம் நகர எல்லைக்குள் செல்லாது என்பதால் அவர் அஞ்சியது சரிதான். அடுத்த கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவரப்போவதாகச் சொன்னார். பேரூராட்சியாக இருந்த எங்களுக்கு அப்படிக் கூடிப் பேச ஒரு சபைகூட இருக்கவில்லை.