எடைக் குறைப்புக் கணக்கில் பழங்களையும் காய்கறிகளையும் சேர்க்க வேண்டுமா? (உதவி தேவை)

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். எடையைக் குறைப்பதற்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் நாள்தோறும் கலோரிக் கணக்கு எழுதி வருகிறேன். இலக்கு 1500. சோறு, இட்லி, சப்பாத்தி, பருப்பு, முட்டை, பால் என எதையும் விடாமல் எழுதுகிறேன். பழமும் காய்கறியும் எவ்வளவு உண்டாலும் கணக்கில் வராது என்று உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சியாளர் சொன்னதால் அவற்றை மட்டும் எழுதுவதில்லை. தொடக்கத்தில் நன்றாக இறங்கிய எடை இப்போது சில வாரங்களாக அசையவே இல்லை. பழம், காய்கறிகளையும் எழுத வேண்டுமா, வேண்டாமா? அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில் எழுதுகிறேன், யாராவது விரைவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அளவுகோல்:
வணக்கம். நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களை வைத்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல இயலாது. எந்தப் பழங்கள், நாளொன்றுக்கு எத்தனை? பழமாக உண்கிறீர்களா, சாறாகக் குடிக்கிறீர்களா? காய்கறி என்பது பச்சையாக நறுக்கிய வெள்ளரியா, எண்ணெயும் தேங்காயும் சேர்ந்த பொரியலா? சோற்றை எழுதும்போது அரிசியாக நிறுத்த எடையை எழுதுகிறீர்களா, வெந்த பின் உள்ள எடையையா? 1500 என்ற இலக்கைச் செயலி கொடுத்ததா, நீங்களாக வைத்துக்கொண்டதா? உங்கள் உயரம், எடை, வயது என்ன? சர்க்கரை நோய்க்கு மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?

கீரைக்கட்டு:
பயிற்சியாளர் சொன்னது சரிதான். காய்கறியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் நாரும். அதைச் செரிக்க உடல் செலவழிக்கும் ஆற்றல் அதிலிருந்து கிடைப்பதைவிட அதிகம் என்பதால், கீரையும் சுரைக்காயும் உண்ண உண்ணக் கணக்கில் கழித்தல்தான் விழும். உங்கள் எடை நின்றதற்குக் காரணம் தூக்கக் குறைவாகத்தான் இருக்கும்.

மூத்தகுடி:
இதே கேள்வி எத்தனையாவது முறையாக வருகிறது என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். அடிப்படையைத் தெரிந்துகொள்ளாமல் செயலியைத் திறந்துவிட்டு, எண் நகரவில்லை என்றதும் இங்கே ஓடி வருகிறார்கள். ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கை அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிறுவிவிட்டார். அந்தச் சர்க்கரை லட்டிலிருந்து வந்ததா, மாம்பழத்திலிருந்து வந்ததா என்று கூட்டல் கணக்கு கேட்பதில்லை. கீரைக்கட்டு அவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாவுச்சத்தைச் செரிக்க உடல் செலவிடுவது அதன் ஆற்றலில் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடுதான். மீதி எங்கே போகிறது என்று சற்றுச் சிந்தித்துப் பார்க்கலாம்.

இரவுநடை:
கூட்டல் கழித்தலை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. பழத்தில் உள்ள பிரக்டோஸ் என்ற சர்க்கரை நேராகக் கல்லீரலுக்குச் சென்று கொழுப்பாக மாறுகிறது. அதிலும் சூரியன் மறைந்த பின் பழம் உண்டால் அது முழுவதும் வயிற்றில்தான் சேரும். பழங்களை அடியோடு நிறுத்திவிட்டுக் காய்கறிகளை விருப்பம்போல் உண்ணுங்கள், எழுதவும் வேண்டாம்.

அளவுகோல்:
இரவுநடை அவர்களே, அளவுக்கு மீறிய பிரக்டோஸ் கல்லீரலில் கொழுப்பாக மாறக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் கொய்யாவையும் குளிர்பானத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. உலக சுகாதார அமைப்பு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட சர்க்கரை பற்றிய வழிகாட்டுதலில், கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளின் வரிசையில் பழச்சாறு இருக்கிறது. முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை அந்த வரிசையில் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு பழத்தின் கலோரி கூடிவிடுவதும் இல்லை. கேட்டவர் இன்னும் எந்தப் பழம் என்றே சொல்லவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

வைகைக்கரை:
பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. காலையில் இரண்டு வாழைப்பழம், அலுவலகம் விட்டு வரும் வழியில் கடையில் ஒரு சாத்துக்குடி ஜூஸ். மதியமும் இரவும் பொரியல், எல்லோர் வீட்டிலும் செய்வது போல்தான். உயரம் 160 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. சோற்றைக் கிண்ணக் கணக்கில் எழுதுகிறேன்.

கொங்குச்சமையல்:
“எல்லோர் வீட்டிலும் செய்வது போல்” என்ற இடத்தில்தான் உங்கள் விடை ஒளிந்திருக்கிறது, சகோதரி. எங்கள் வீட்டுப் பீன்ஸ் பொரியலை எடுத்துக்கொள்கிறேன். நான்கு பேருக்கு அரைக் கிலோ பீன்ஸ், தாளிக்கவும் வதக்கவும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், இறக்கும்போது 50 கிராம் தேங்காய்த் துருவல். பீன்ஸில் 100 கிராமுக்குச் சுமார் 31 கலோரி என்பதால் அரைக் கிலோவுக்கு 155 வருகிறது. எண்ணெய் 240, தேங்காய் ஏறக்குறைய 175. மொத்தம் 570, அதை நான்காகப் பங்கிட்டால் ஆளுக்கு 140க்கு மேல். அந்த 140இல் காயின் பங்கு நாற்பதுக்கும் குறைவு, மீதி நூறும் எண்ணெயும் தேங்காயும். பயிற்சியாளர் கணக்கில் வராது என்று சொன்னது அந்த நாற்பதை நினைத்துத்தான் இருக்கும். நீங்களோ பொரியல் என்று தலைப்பிட்டு முழுவதையும் விட்டுவிடுகிறீர்கள். கடாயில் எண்ணெயைத் தூக்கிலிருந்து நேரடியாக ஊற்றும் பழக்கம் இருந்தால் நான் சொன்ன அளவையும் அது தாண்டும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். இரண்டு வேளைப் பொரியல் 280. இரண்டு வாழைப்பழம் நடுத்தர அளவு என்றால் 200. கடை ஜூஸில் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்டிருந்தால் பழச்சாற்றோடு சேர்த்து 150ஐ நெருங்கும். எழுதாமல் விடுவது மட்டும் நாளொன்றுக்கு 600க்கு மேல். 1500 என்று நினைத்துக்கொண்டு 2100 உண்கிறீர்கள்.

மூத்தகுடி:
நான் முதலிலேயே சொன்னதைத்தான் கொங்குச்சமையல் எண்களோடு விரித்திருக்கிறார். அனைத்தையும் எழுத வேண்டும், கொத்தமல்லித் தழை உட்பட. வெளிநாட்டுச் செயலிகளில் உள்ள எண்களை நம்பாமல், ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு உட்கூறு அட்டவணையைப் பாருங்கள். அதைத் திறந்தால் வெண்டைக்காய்க்கே 100 கிராமுக்கு நூறைத் தாண்டிய எண் இருக்கிறது. காய்கறியில் ஒன்றுமில்லை என்பவர்கள் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

சோதனைக்குழாய்:
மூத்தகுடி ஐயா, அந்த அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருக்கிறது. 4.184ஆல் வகுத்தால்தான் நாம் பேசும் கலோரி கிடைக்கும். அப்படி வகுத்துப் பார்த்தால் வெண்டைக்காய் முப்பதுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். தலைப்பு வரிசையில் அலகு தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கிறது.

மூத்தகுடி:
அலகு எனக்குத் தெரியாமல் இல்லை. புதியவர்கள் அட்டவணையைத் திறந்து பார்க்கட்டும் என்பதற்காக அப்படி எழுதினேன். அலகைப் பற்றிப் பேசும் நீங்கள் நார்ச்சத்தைப் பற்றி ஏன் பேசவில்லை? அமெரிக்க வேளாண்மைத் துறையின் தரவில் மாவுச்சத்து என்பது தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்த பின் மிஞ்சும் தாதுக்கள்) ஆகியவற்றைக் கழித்த பின் எஞ்சும் எண், நாரும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நான்கால் பெருக்குபவர்கள்தான் காய்கறியின் கலோரியைத் தவறாகச் சொல்கிறார்கள்.

சோதனைக்குழாய்:
நாருக்குக் கிராமுக்கு 2 கலோரி என்று கொள்வது பரவலான வழக்கம். குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அதன் ஒரு பகுதியை நொதிக்கச் செய்வதால் அவ்வளவு கிடைக்கிறது. ஒருவர் நாளொன்றுக்குக் காய்கறியிலிருந்து 10 கிராம் நார் பெறுகிறார் என்றால், நான்கால் பெருக்குவதற்கும் இரண்டால் பெருக்குவதற்கும் இடையே உள்ள வேறுபாடு 20 கலோரி. அரைக் கரண்டி எண்ணெயில் அது மறைந்துவிடும். நாம் இருவரும் இதற்காக இவ்வளவு எழுதியிருக்க வேண்டியதில்லை.

மூத்தகுடி:
துல்லியம் என்பது இருபதில்தான் தொடங்குகிறது. அதைச் சிறியது என்பவர்கள் கணக்கு எழுதாமலே இருந்துவிடலாம்.

மாடித்தோட்டம்:
ஐயா, அந்தத் துல்லியத்தால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். என் மகள் இதே போன்ற செயலியில் ஒவ்வொரு கொய்யாவையும் நிறுத்து எழுதத் தொடங்கினாள். இலக்கைத் தாண்டியதும் திரை சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பழம் உண்பதையே நிறுத்திவிட்டு, அதே கலோரிக்கு உறையில் எண் அச்சிட்ட பிஸ்கட்டுக்கு மாறிவிட்டாள். பிஸ்கட்டை எழுதுவது எளிது, நிறுக்க வேண்டியதில்லை அல்லவா. எடைக் குறைப்புத் திட்டம் நடத்தும் வெயிட் வாட்சர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், கலோரிக்குப் பதிலாக உணவுக்குப் புள்ளி போடும் தன் முறையை 2010இல் மாற்றியபோது பெரும்பாலான பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் சுழியம் என்று வைத்தது இதனால்தான். மக்கள் பிஸ்கட்டை விட்டுவிட்டு ஆப்பிளை எடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கணக்கு பதற்றமாக மாறிவிடுபவர்களுக்குப் பழத்தை எழுதாமல் விடுவதே நல்லது என்பேன்.

அளவுகோல்:
அம்மா, நீங்கள் சொல்லும் கவலை நியாயமானது. உணவைக் கண்டாலே எண் நினைவுக்கு வரும் நிலையில் இருப்பவர்கள் செயலியையே மூடிவிட்டு மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. ஆனால் அந்த நிறுவனத்தின் முறையிலும் சுழியம் என்பது எல்லாவற்றுக்கும் இல்லை. உருளைக்கிழங்குக்கும் அவகாடோவுக்கும் அப்போது புள்ளி இருந்தது. பழத்தை அரைத்துக் குடித்தால் புள்ளி உண்டு என்ற விதியும் இருந்தது. நம் ஊர்ப் பயிற்சியாளர்கள் சுழியத்தை மட்டும் கேள்விப்பட்டுச் சொல்கிறார்களே தவிர, அதைச் சுற்றிக் கட்டிய வேலியைச் சொல்வதில்லை.

கீரைக்கட்டு:
உருளைக்கிழங்கை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? நாம் பேசுவது காய்கறிகளைப் பற்றி.

கொங்குச்சமையல்:
சந்தையில் உருளையும் சேனையும் வாழைக்காயும் காய்கறிப் பைக்குள்தான் விழுகின்றன, பொரியல் தட்டிலும் காய்க்கு உரிய இடத்தில்தான் அமர்கின்றன. உலக சுகாதார அமைப்பு நாளுக்கு 400 கிராம் பழமும் காய்கறியும் உண்ணச் சொல்லும்போது உருளையையும் மரவள்ளியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனெனில் அவை சோற்றின் உறவு. வெள்ளரியில் 100 கிராமுக்கு 15 கலோரி, மரவள்ளியில் 160. இரண்டையும் காய்கறி என்ற ஒரே பெயரில் எழுதாமல் விட்டால் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

சோதனைக்குழாய்:
பழங்களிலும் அதே நிலைதான். தர்ப்பூசணி 30, பப்பாளி 43, கொய்யா 68, பலாச்சுளை 95 என்று 100 கிராமுக்கான எண் ஏறிக்கொண்டே போகிறது. உலர்ந்துவிட்டால் திராட்சை 300ஐத் தொடுகிறது. வாழையில் ஒரு ஏலக்கியும் ஒரு நேந்திரமும் ஒன்றல்ல. எண்ணிக்கையை எழுதாமல், தோலை உரித்து நிறுத்துப் பார்க்க வேண்டும். தோலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை.

அளவுகோல்:
வைகைக்கரை அவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். கீரை வகைகள், சுரை, புடலை, பூசணி, பீர்க்கு, முட்டைகோஸ், வெள்ளரி, தக்காளி ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதத் தேவையில்லை. அவற்றுக்கென நாளுக்கு நூறு கலோரியை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, இலக்கை 1400 என்று வைத்துக்கொண்டு மீதியை எழுதுங்கள். கிழங்குகள், வாழைக்காய், பட்டாணி, எல்லாப் பழங்களும், எந்தச் சாறாக இருந்தாலும் கட்டாயம் எழுதுங்கள். பொரியலில் காயை விட்டாலும் எண்ணெயையும் தேங்காயையும் விடாதீர்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2000 கலோரித் தட்டுக்குள் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் இருக்கின்றன. அவை அந்த 2000க்கு வெளியே இல்லை, உள்ளேதான்.

ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7700 கலோரி என்பது பொதுவான தோராயக் கணக்கு. நாள்தோறும் எழுதாமல் போவது 600 என்றால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்க வேண்டிய எடை அதிலேயே நின்றுவிடும். தொடக்கத்தில் வேகமாக இறங்கியதில் ஒரு பகுதி உடலின் நீராகவும் இருந்திருக்கலாம். சோற்றையும் கிண்ணத்தில் அளக்காமல் தராசில் வையுங்கள். கிண்ணத்தில் சோற்றை அமுக்குவதற்கும் தளர வைப்பதற்கும் இடையே நிறைய வேறுபாடு உண்டு. கடைசியாக, இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் இந்த ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாது. அப்படியானால் பழத்தின் மாவுச்சத்தை உங்கள் மருத்துவர் சொல்லும் முறையில்தான் கணக்கிட வேண்டும்.

இரவுநடை:
எல்லாம் சரி, ஆனால் இரவில் மட்டும் பழம் வேண்டாம்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. மருந்து எதுவும் எடுப்பதில்லை. எண்ணெயைக் கரண்டியால் அளக்கச் சொல்லி வீட்டில் சொல்லிவிட்டேன், ஜூஸுக்குப் பதிலாகச் சாத்துக்குடியை உரித்தே உண்கிறேன். எடை மெதுவாக இறங்கத் தொடங்கியிருக்கிறது. வேலை அதிகம் என்பதால் விரிவாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

புதுவரவு:
இந்த இழையை இப்போதுதான் படித்தேன். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சட்னி காய்கறிக் கணக்கில் சேருமா?

சோதனைக்குழாய்:
சேராது. தேங்காயில் 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி, பெரும்பகுதி கொழுப்பு. இட்லியை எழுதும்போதே அதையும் தனி வரியில் எழுதிவிடுங்கள், பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தால் அதையும்.